மடுவும் மன்னாரும்: வானொலிக் கம்பம் நாட்டுவோர் அறியவேண்டுவன

தொலைவில் உள்ளாரோடு உரையாடும் வசதி கையில் இருக்கும்போது அதன் அருமையை நாம் உணர்வதில்லை. அஃது அற்றுப்போன நாளிலேயே உணர்கின்றோம். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் இரவு மன்னாருக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட கடலிற் புகுந்த சூறாவளி தனுஷ்கோடி என்னும் துறைமுக நகரை அழித்தது. பாம்பனிலிருந்து அந்நகரை நோக்கிச் சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலுள் மூழ்கிற்று. கம்பிகளும் தண்டவாளங்களும் அறுந்துபோனமையால் அப்புகைவண்டிக்கு நேர்ந்த கதிகூட வெளியுலகிற்கு உடனே தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளின்பின், 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது நிலைமை சற்று வேறாயிருந்தது. இலங்கை வானொலிச் சங்கத்தைச் சார்ந்தோர் அம்பாந்தோட்டையில் ஒரு சிற்றலை நிலையத்தை அமைத்துத் தலைநகரோடு தொடர்பை ஏற்படுத்தினர். அந்தமான் தீவுகளில் அவ்வேளை வானொலி ஆய்விற்காகத் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்திய அம்மையாரும் அவர்தம் குழுவினரும் போட் பிளேயரிலிருந்து உற்றார் உறவினரின் செய்திகளை இரவு பகலாக அனுப்பினர். இவர்கள் அரசாங்க ஊழியரல்லர். ஊதியம் கருதாது வானொலித் தொடர்பைப் பயின்ற தன்னார்வ வானொலியாளர். ‘ஹாம்’ வானொலி என்று உலக வழக்கிற் கூறப்படுவது இவர்தம் கலையே.

இக்கலையில் நாட்டங்கொள்ளும் மாணவர் முதலில் விரும்புவது உயர்ந்ததொரு கம்பத்தையே. அவ்விருப்பம் இயல்பானது. ஆயினும், மடுவைச் சூழ்ந்த வன்னிக் காட்டிலும் மன்னார்த் தீவின் உவர்மணலிலும் கம்பம் நாட்டப் புகுவோர் ஓர் உண்மையை மனத்திருத்தல் வேண்டும். கம்பம் எத்துணை உயரம் என்று கேட்குமுன் யாருடன் பேசப்போகின்றோம் என்று கேட்டல் வேண்டும். உயரத்திற்குச் செலவிடுமுன் வடத்திற்கும் நிலத்திற்கும் செலவிடல் வேண்டும். இக்கட்டுரை அவ்வுண்மையை விளக்கவே எழுந்தது.

முதலிற் சிற்றலையை எடுத்துக்கொள்வோம். மடுவிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 215 கிலோமீற்றர்த் தொலைவிலும், யாழ்ப்பாணம் ஏறத்தாழ 90 கிலோமீற்றர்த் தொலைவிலும் உள்ளன. புவி உருண்டையாதலின் இத்தொலைவை நேரே எட்டும் கம்பம் எதுவும் நம்மால் நாட்டவியலாது. ஆயினும் 7 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில் செல்லும் அலை வானத்தில் உள்ள அயன்மண்டலத்தில் மோதி மீள்கின்றது. அவ்வலையைச் செங்குத்தாக மேனோக்கி அனுப்பின், நீர்த்தாரை மேலெழுந்து குடைபோல் விரிந்து சுற்றிலும் வீழ்வதுபோல, அது திரும்பி வந்து சில நூறு கிலோமீற்றர் வட்டத்துள் எங்கும் பரவும். இடையில் மலையுண்டா, காடுண்டா என்பது ஒரு பொருட்டன்று. புவியின் காந்த நடுக்கோடு நம் நாட்டுக்கு அண்மையிற் செல்வதால் பகற்காலத்தில் நம் தலைக்கு மேலுள்ள அயன்மண்டலம் வலிமை மிக்கது. இம்முறைக்கு அது பெருந்துணையாகும். இரவில் அம்மண்டலம் மெலியும் காலங்களில் 3.5 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்குதல் வேண்டும்.

இங்கேதான் வியப்பொன்று உளது. அலையைச் செங்குத்தாக மேலனுப்ப வேண்டின் அன்ரனா தாழ்வாகவே இருத்தல் வேண்டும். 7 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீற்றர். கிடையாகக் கட்டிய கம்பி நிலத்திலிருந்து அதன் காற்பங்கு உயரத்தில், அன்றி அதனினுஞ் சற்றுத் தாழ்ந்து, அதாவது 6 முதல் 10 மீற்றர் உயரத்தில் இருப்பின் போதும். மடுக் காட்டின் பாலையும் வீரையும் இவ்வுயரத்தை எளிதில் தருவன. எனவே பேரிடர்க் காலத்தில் தலைநகரோடு பேச விரும்பும் ஒருவருக்கு இரும்புக் கோபுரம் வேண்டுவதில்லை. இரண்டு மரங்களும் 20 மீற்றர்ச் செப்புக் கம்பியும் போதுமானவை.

அக்கம்பியை வெட்டும் கணக்கும் எளிது. 142.6 என்னும் எண்ணை மெகாஹேர்ட்ஸில் உள்ள மீடிறனால் வகுப்பின் அரையலை அன்ரனாவின் முழுநீளம் மீற்றரிற் கிடைக்கும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு அது 20.1 மீற்றர். அதனை நடுவே வெட்டி ஒரு காவலியால் இணைத்து, இரு பாதிகளிலும் வடத்தின் இரு கடத்திகளையும் தனித்தனியே பொருத்துதல் வேண்டும். முதலிற் சற்று நீளமாகவே வெட்டுக. மிகுந்ததைக் குறைக்கலாம், குறைந்ததைக் கூட்டுதல் தொல்லை. மரம் ஒன்றே இருப்பின் நடுப்பகுதியை அதிலுயர்த்தி இரு நுனிகளையும் சரிவாகத் தாழ்த்தலாம். நுனிகள் மனிதர் கைக்கெட்டா உயரத்தில் இருத்தல் இன்றியமையாதது; ஒலிபரப்பும் வேளையில் அங்குத்தான் மின்னழுத்தம் மிகுதியாகும்.

மரத்திற் கட்டுவோர் மறக்கலாகாத செய்தியொன்றுண்டு. காற்றில் மரம் அசையும், கம்பி அசையாது. இறுகக் கட்டிய கம்பி முதற்புயலிலேயே அறும். ஆதலின் ஒரு நுனியின் கயிற்றை மரத்திற் கட்டிய கப்பியொன்றின்மேலாகக் கீழே விட்டு, மணல் நிரப்பிய வாளியொன்றை அதில் தொங்கவிடுக. மரம் சாயுந்தோறும் வாளி ஏறி இறங்கும், கம்பி தப்பும். மீன்பிடிக்குப் பயன்படும் நைலோன் கயிறு ஈரத்தில் நெகிழும். வெயிலில் நாளடைவில் நைந்துபோகும். வெயிலைத் தாங்கும் கருநிறப் பொலியெஸ்ரர்க் கயிறே நெடுநாள் உழைப்பது. மடு வீதிக் காடு 1968இல் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆதலின் நம் வளவில் உள்ள மரங்களையன்றிக் காட்டு மரங்களைத் தொடலாகாது.

இனி உயரம் உண்மையாகவே வேண்டப்படும் இடத்திற்கு வருவோம். 145 மெகாஹேர்ட்ஸ் அளவிலான அதியுயர் மீடிறனில், கையடக்கக் கருவிகளாலும் வாகனங்களிலிருந்தும் பேசலாம். ஓகஸ்ற் மாதத் திருவிழாவிற்கு இலட்சக்கணக்கான மக்கள் மடுவிற் கூடும்போதும், சிவராத்திரியன்று அடியார் திருக்கேதீச்சரத்திற் குழுமும்போதும் முதலுதவித் தொண்டர்க்கு ஏற்றது இதுவே. ஆனால் இவ்வலை அயன்மண்டலத்தால் மீள்வதன்று. ஏறத்தாழக் கண்பார்வைபோல் நேரே செல்வது. அதன் எல்லையை அறிய ஒரு கணக்குண்டு: அன்ரனாவின் உயரத்தை மீற்றரிற் கொண்டு அதன் வர்க்கமூலத்தை 4.12ஆற் பெருக்கின், வானொலித் தொடுவானம் கிலோமீற்றரிற் கிடைக்கும். 10 மீற்றருக்கு 13 கிலோமீற்றர். 20 மீற்றருக்கு 18 கிலோமீற்றர். 40 மீற்றருக்கு 26 கிலோமீற்றர். உயரத்தை நான்கு மடங்காக்கினாலே எல்லை இருமடங்காகும் என்பதை இதனாற் காண்க.

மடுவிலிருந்து மன்னார் நகர் நேர்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீற்றர். இரு முனையிலும் 20 மீற்றர்க் கம்பம் இருப்பின் இரு தொடுவானங்களும் சேர்ந்து 36 கிலோமீற்றரைச் சற்றே கடக்கும். தொடர்பு மட்டுமட்டாகக் கிட்டும். நடுவே உள்ள காட்டின் ஈர இலைகள் ஒரு பங்கை விழுங்கும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். கடலின்மேலாயின் நிலைமை வேறு. இராமேசுவரத்தில் தூரதர்சன் எழுப்பிய 323 மீற்றர்க் கோபுரத்தின் தொடுவானம் 74 கிலோமீற்றர். அது மன்னார் நகரை ஏறத்தாழத் தொட்டுவிடும். அன்றியும், கடலின் மேற்பரப்பிற் குளிர்ந்த ஈரக் காற்றும் அதன்மேல் வெம்மையான உலர்காற்றும் படியும் நாள்களில் அலைகள் அவ்விரு படைகளுக்கிடையே குழாயிற் செல்லும் நீர்போலத் தவழ்ந்து, தொடுவானத்தையுங் கடந்து செல்லும். 1980களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்து வீடுகளிற் பைப்புக்களைப் பொருத்தி உயர்த்திய அன்ரனாக்களிற் கொடைக்கானல் ஒளிபரப்பு ஒருநாள் தெளிவாகவும் மறுநாள் புள்ளிமயமாகவும் தோன்றியதை மூத்தோர் நினைவுகூர்வர். அந்நாளில் அன்ரனாவைத் திருப்பித் திருப்பிப் படந்தேடிய சிறுவர் யாவரும் தம்மையறியாமலே அலைப்பரவல் பயின்றவராவர்.

கம்பம் உயர்ந்ததும் மற்றொரு பகை தோன்றும், அது வடம். வானொலிக் கருவியிலிருந்து அன்ரனா வரை செல்லும் கேபிள் ஆற்றலைச் சுமந்து செல்லும்போதே ஒரு பங்கை வெப்பமாக்கி விழுங்குகின்றது. மீடிறன் உயர உயர விழுங்கும் பங்கும் உயரும். கடைகளில் எளிதிற் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜீ. 58 வகைக் கேபிளை 30 மீற்றர் நீளத்திற் பயன்படுத்தி 145 மெகாஹேர்ட்ஸில் 50 உவாற்று ஆற்றலைச் செலுத்தின், அன்ரனாவைச் சென்றடைவது ஏறத்தாழ 12 உவாற்றே; நாலில் மூன்று பங்கு வழியிலேயே அழிகின்றது. தடித்த ஆர்.ஜீ. 213 வகையாயின் ஏறத்தாழப் பாதி சென்றடையும். பேசும்போது மட்டுமன்றிக் கேட்கும்போதும் இவ்விழப்பு உண்டு. ஒலிபரப்பியின் வலுவைக் கூட்டுவதால் கேட்கும் திறன் சிறிதும் கூடாது. ஆனால் 7 மெகாஹேர்ட்ஸில் அதே மெல்லிய கேபிள் ஏறத்தாழக் காற்பங்கை மட்டுமே விழுங்கும். எனவே சிற்றலைக்கு மெல்லிய வடம் ஒருவாறு பொருந்தும்; அதியுயர் மீடிறனுக்குத் தடித்த வடமே தகும். வலுமிக்க கருவி வாங்க வைத்திருக்கும் பணத்தை நல்ல வடத்திற்குச் செலவிடுவோன் இருவழியிலும் பயன்பெறுவான்.

வடத்தைப்பற்றிய ஏமாற்றம் ஒன்றையும் இளைஞர் அறிதல் நன்று. அன்ரனா வடத்தோடு பொருந்தியுள்ளதா என்பதை நிலையலை விகிதமானி காட்டும். விகிதம் ஒன்றுக்கு ஒன்று எனக் கண்டதும் பலர் மகிழ்வர். ஆயின் நீர் புகுந்து கெட்டுப்போன வடமும் இதே நல்ல அளவைக் காட்டும்! சென்ற ஆற்றலையும் மீண்டுவரும் ஆற்றலையும் அவ்வடமே விழுங்கிவிடுவதால் கருவிக்குத் திரும்பிவருவது யாதுமில்லை. முன்பு இரண்டாக இருந்த விகிதம் மாரி மழையின்பின் தானாகவே ஒன்றாக இறங்கின், அது மகிழ்தற்குரியதன்று, வடத்தைச் சோதித்தற்குரியது. வடத்தின் தலையிணைப்பை நீர்புகாத இரப்பர்ப் பட்டையாற் சுற்றுதலும், வீட்டினுள் நுழையுமுன் வடத்தைச் சற்றுத் தாழ வளைத்து மழைநீர் அவ்வளைவிலிருந்து சொட்டிவிடுமாறு செய்தலும் எளிய காப்புக்களாம்.

மன்னார்த் தீவில் இவற்றோடு உப்பும் சேர்கின்றது. கடற்காற்றிலுள்ள உப்புத்துகள் காவலிகளிற் படிந்து, இரவுப் பனியில் நனைந்து, மின்னைக் கசியவிடும். செம்பும் அலுமினியமும் நேரே தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அவ்விரண்டும் ஒரு மின்கலம்போலாகி அலுமினியம் அரிக்கப்படும். எனவே அவ்விடங்களில் துருப்பிடியாத உருக்காலான வளையங்களை இடையிட்டு, ஆண்டுக்கு இருமுறை கழற்றித் துப்புரவு செய்தல் வேண்டும். இரும்புப் பொருள்கள் யாவும் நாகமுலாம் பூசப்பட்டனவாயிருத்தல் முறை.

காற்றின் இயல்பை மன்னாரார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே மாதக்கணக்கில் ஓயாது வீசுவதாலன்றோ 30 காற்றாடிகளைக் கொண்ட தம்பபவனி மின்நிலையம் 2020இல் அத்தீவில் திறக்கப்பட்டது! காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சதுரமீற்றர்ப் பரப்பை ஏறத்தாழ 17 கிலோகிராம் எடைக்கு நிகராகத் தள்ளும் காற்று, 120 கிலோமீற்றர் வேகத்தில் 70 கிலோகிராமுக்கு நிகராகத் தள்ளும். வேகம் இருமடங்காயின் விசை நான்கு மடங்கு. 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி நாட்டைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவிற் சென்றிறங்கியதை நினைவிற் கொள்வோர், மடு உள்நாட்டில் உள்ளதென்று அசட்டையாயிரார்.

ஆதலின் கம்பத்தைத் தாங்குவது அதன் இரும்பன்று. இழுகம்பிகளும் அவை பற்றியுள்ள நிலமுமே. 20 மீற்றர்க் கம்பத்திற்கு மூன்று மட்டங்களில், ஒவ்வொரு மட்டத்திலும் மூன்று திசைக்கு ஒன்றாக இழுகம்பிகள் வேண்டும். அவற்றின் நிலப்பிடிகள் கம்பத்தின் அடியிலிருந்து ஏறத்தாழ 14 மீற்றர் தள்ளி, ஒன்றுக்கொன்று 120 பாகையில் அமைதல் வேண்டும். மடுவின் செம்மண் கோடையில் கல்லாக இறுகினும் மாரியில் இளகும். மன்னாரின் மணலோ என்றும் இளகியது. மணலில் முளை அடிப்பதாற் பயனில்லை. ஆழமாகக் குழிதோண்டிக் கொங்கிறீற்றுத் தூணொன்றைக் கிடையாகப் புதைத்து, அதிலிருந்து கம்பியை மேலே கொண்டுவருதலே உறுதியானது. குழி தோண்டுமுன் மற்றொன்றையும் கருதுதல் வேண்டும். இம்மாவட்டம் போர் நடந்த நிலம். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணியில் ஒரு மண்வெட்டியும் விழலாகாது. அன்றியும், வங்காலைச் சரணாலயத்தை நாடிப் பனிக்காலத்தில் வரும் புலம்பெயர் பறவைகளுக்கு மெல்லிய இழுகம்பிகள் கண்ணுக்குப் புலப்படா. அவற்றில் ஒளிர்நிறப் பிளாஸ்ரிக் துண்டுகளைத் தொங்கவிடுதல் அறமாகும்.

சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் இடிமின்னல் மிகும். வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் கம்பம் மின்னலை ஏற்கக்கூடியது. அதனை நிலத்திற் செலுத்தும் வழியை நாமே அமைத்துவைத்தல் வேண்டும். 2.4 மீற்றர் நீளமான செப்புப் பூச்சுக் கோல்கள் பலவற்றை, ஒன்றுக்கொன்று 5 மீற்றர் இடைவெளியில் அடித்து, அகன்ற செப்புப் பட்டையாற் கம்பத்தின் அடியோடு இணைக்குக. பட்டை கூரிய மடிப்பின்றி நேராகச் செல்லுதல் வேண்டும். ஆடி ஆவணியில் மடுவின் நிலம் வறண்டு மின்னைக் கடத்தாததாகின்றது. ஒரு கோல் அங்கே போதாது. வீட்டு மின்சாரத்தின் புவித்தொடுப்பையும் இக்கோல்களோடு இணைத்தல் கட்டாயம். இரண்டும் பிரிந்திருப்பின் மின்னல் விழும் கணத்தில் இரண்டுக்குமிடையே தோன்றும் அழுத்தவேறுபாடு கருவியையும் அதனைத் தொட்டிருப்பவரையும் ஊடுருவும். இவையெல்லாம் செய்தபின்னும், முழக்கம் கேட்குமுன்னரே வடத்தைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விடுவதே அறிவுடைமை. முழக்கம் தொடங்கியபின் வடத்தைத் தொடலாகாது.

இடியினும் அதிகமாக உயிர் குடிப்பது வேறொன்று: மேலே செல்லும் மின்கம்பி. நம் கிராமங்களூடாகச் செல்லும் வழங்கற் கம்பிகள் சில 33,000 உவோல்ற்றைச் சுமப்பன. அலுமினியக் குழாயொன்று அதன் அண்மையிற் சென்றாலே போதும், தொடவும் வேண்டுவதில்லை. எனவே கம்பம் எத்திசையிற் சரிந்து விழுந்தாலும், அதன் நுனியிலுள்ள அன்ரனாவோடு சேர்த்து, மின்கம்பியை எட்டாத இடத்தையே தெரிதல் வேண்டும். அத்தகைய இடம் இல்லையாயின் கம்பம் வேண்டாம், இதற்கு விதிவிலக்கில்லை. கம்பத்தில் ஏறுவோர் இடுப்பிலும் தோளிலும் பிணைக்கும் காப்புப் பட்டியின்றி ஏறலாகாது, தனியே ஏறலாகாது, காற்றெழுந்த நாளில் ஏறலாகாது. மாணவர் ஆசிரியரின்றி ஏறவே கூடாது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு நடத்தும் தேர்விற் சித்தியெய்தி அனுமதிப்பத்திரம் பெற்றவரே ஒலிபரப்பலாம் என்பதும், 4எஸ்7 எனத் தொடங்கும் அழைப்புக்குறி அவர்க்கே வழங்கப்படும் என்பதும் யாவரும் அறியத்தக்கன. கம்பம் எழுப்புமுன் பிரதேச சபையையும் வினவுதல் வேண்டும். கேட்பதற்கு மட்டுமாயின், தேர்விற்குப் பயிலும் மாணவன் இன்றே இரு மரங்களுக்கிடையே கம்பியைக் கட்டி உலகத்தைச் செவிமடுக்கலாம்.

கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எங்கும் நிறைந்த இக்காலத்தில் இவையெல்லாம் எதற்கு என வினவுவாரும் உளர். ஏ9 நெடுஞ்சாலையில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே உள்ள கொக்காவிற் கோபுரம் அவர்க்கு விடைகூறும். போரில் அழிந்த அக்கோபுரம் 174 மீற்றர் உயரத்தில் மீள எழுப்பப்பட்டு 2011இல் திறக்கப்படும் வரை கடந்த ஆண்டுகள் எத்தனை! பலரும் நம்பியிருக்கும் பெருங்கோபுரம் வீழின் பலரும் ஒருங்கே ஊமையாவர். மின்சாரமற்ற அக்காலத்தில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலிச் செய்தி கேட்டவர் நம்மிடையே இன்றும் உள்ளனர். அவர்கள் கேட்கமட்டுமே வல்லராயிருந்தனர். மறுமொழி கூறும் வழி அவர்க்கிருக்கவில்லை.

அவ்வழியை அமைத்துவைத்தல் நம் கல்லூரிகளுக்கு அரிதன்று. அனுமதிபெற்ற ஆசிரியர் ஒருவர், 8 மீற்றர் உயரத்தில் இரு மரங்களிடைக் கட்டிய 20 மீற்றர்க் கம்பி, குறுகிய நல்ல வடம், 12 உவோல்ற்று மின்கலம், அதனை நிரப்பும் சூரியத் தகடு, நிலத்தில் இறங்கிய செப்புக் கோல்கள் ஆகிய இவையே அதன் முதல். உயர்ந்த கம்பம் பின்னர் வரலாம். அடி உறுதியாயின் முடியைத் தானே தாங்கும்.